காசநோய்: மருந்து இலவசம், உணவு?

மருந்து இலவசமாகக் கிடைத்தும், காசநோய் ஏழைக் குடும்பங்களையே அதிகம் தாக்குவது ஏன்?

காற்றின் வழியே பரவும் இக்கிருமி பலரது உடலில் புகுந்தாலும், அவர்களில் சிறு பகுதியினருக்கே நோயாக மாறுகிறது. ஊட்டக்குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி., புகை, மது ஆகியவை எதிர்ப்பாற்றலைக் குறைத்து அதற்கு வழிவிடுகின்றன. இந்தியாவில் இவற்றுள் முதலிடம் ஊட்டக்குறைவுக்கே. காற்றோட்டமில்லாத ஒற்றை அறையில் குடும்பமே உறங்க வேண்டியிருப்பதும், கல் உடைப்போரின் நுரையீரலில் சிலிக்கா தூசு படிவதும் சேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது.

வீட்டிலிருந்தே, எளிய உணவுடன் குணமாகலாம் என்று சென்னை ஆய்வு அன்றே நிறுவிவிட்டதே. இப்போது ஏன் சத்துணவை வலியுறுத்துகிறீர்கள்?

1956-இல் தொடங்கிய அந்த ஆய்வில், சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களுக்கும் வீட்டிலேயே மருந்து உட்கொண்டவர்களுக்கும் ஓராண்டு சிகிச்சை தரப்பட்டது. வீட்டிலிருந்தோரின் உணவு மிகவும் எளியதாக இருந்தும் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குணம் கிடைத்தது. படுக்கை கிடைக்காமல் காத்திருந்த ஏழைகளுக்கு மருத்துவத்தின் வாசலைத் திறந்துவிட்ட முடிவு அது. ஆனால், முறையாக மருந்து உட்கொள்வோர் குணமாவார்களா என்பதற்கே அது விடை தந்தது; பசியோடிருக்கும் வீட்டில் அடுத்து யார் நோயில் விழுவார் என்பது வேறு கேள்வி.

அதற்கான விடை ஜார்க்கண்டில் கிடைத்தது. 2023-இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளியுடன் வசிக்கும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் நுண்ணூட்ட மாத்திரைகளும் தரப்பட்டன. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடும், நுரையீரல் காசநோய் 48 விழுக்காடும் குறைந்தன. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாகச் செயல்பட்டன என்பதை நம் திட்டங்கள் இன்னும் முழுமையாக உள்வாங்கவில்லை என்பதே என் வருத்தம்.

நோயாளியின் சத்துணவுக்காக அரசு தரும் மாதம் ரூ.1,000 போதுமா?

2018-இல் ரூ.500-ஆகத் தொடங்கிய இந்த உதவித்தொகை 2024 நவம்பரில் இரட்டிப்பானது. தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவோரும் பதிவு செய்திருந்தால் பெறலாம். ஆனால் கூலியை இழந்த வீட்டில் அந்தப் பணம் வாடகைக்கும் கடனுக்கும் போய்விடுவது இயல்பு. நோயாளிக்கு மட்டுமன்றி, வீட்டார் அனைவருக்கும் உணவுப் பொருளாகவே கிடைக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

மருமகளுக்குக் காசநோய். தட்டு, தம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். பாத்திரத்தால் இந்நோய் பரவுவதில்லை. ஒதுக்கிவைக்கப்படும் பெண் நோயை மறைக்கிறாள், மருந்தை விடுகிறாள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும். முறையான சிகிச்சையில் சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை மருமகள் உண்ணும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதை இன்றே மாற்றுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

கட்டட வேலை செய்யும் என் தம்பி இரண்டு மாதத்தில் தேறிவிட்டான். வேலைக்காக வேறு ஊர் போவதால் மருந்தை நிறுத்திவிடலாம் என்கிறான்.

நிறுத்தக் கூடாது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதங்கள். இடையில் விட்டால் நோய் திரும்பக்கூடும், கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறலாம். கிளம்பும் முன் அவர் மருந்து வாங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செல்லும் ஊரைத் தெரிவித்தால், சிகிச்சைப் பதிவை அங்கே மாற்றித் தருவார்கள். எஞ்சிய மாதங்களின் மருந்தை அங்கேயே இலவசமாகப் பெறலாம்.