கை வைக்காத நாற்காலி – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மூட்டு வலியையும் ஜிம்மையும் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தேன். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது. எனக்கு 26 வயது, ஊர் வியாசர்பாடி. பி.காம் முடித்துவிட்டு நான்கு வருஷமாக அண்ணா நகர் பக்கம் ஒரு ஜிம்மில் ஃப்ளோர் டிரெய்னராக இருக்கிறேன். சம்பளம் 17,000. பி.டி., அதாவது ஒருவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி, பிடித்தால் கிளையண்ட் கட்டுவதில் நாற்பது சதவீதம் எனக்கு. இப்போது மூன்று பேர்தான் கையில். அவர்களும் மூன்று மாத பேக்கேஜ் முடிந்ததும் போய்விடுகிறார்கள்.

என்னோடு சேர்ந்தவனுக்குப் பதினான்கு பேர். இன்ஸ்டாவில் அவனுக்கு ஆள் அதிகம், இங்கிலீஷும் நன்றாகப் பேசுவான். உடம்பும் என்னைவிட கட்டிங். அதற்கு அவன் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறான் என்பது எனக்குத் தெரியும். ‘நீயும் ஒரு சைக்கிள் ஊசி போடுடா, கிளையண்ட் தானா வருவான்’ என்கிறான். என் கை இப்போது பதினைந்தரை இஞ்ச். இரண்டு வருஷமாக அங்கேயே நிற்கிறது.

வெளிநாட்டு சர்டிபிகேட் படிக்கலாமா? கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். அப்பாவுக்கு 61 வயது, இன்னும் ஆட்டோ ஓட்டுகிறார். சுகருக்கு மாத்திரை, இடுப்பு வலி வேறு. ‘அடுத்தவன் தொப்பையைக் குறைக்கிறதெல்லாம் ஒரு வேலையா, பேங்க் பரீட்சை எழுது’ என்கிறார். இந்த வேலையில் நிலையாக நின்று சம்பாதிக்க முடியுமா சார்?

பெயர் போட வேண்டாம். எங்கள் ஓனர் இதையெல்லாம் படிக்கமாட்டார், இருந்தாலும்.

*

அன்புள்ள தம்பி,

ஓனர் படிக்காவிட்டாலும் அவர் வீட்டில் யாராவது படிப்பார்கள். பெயரை எடுத்துவிட்டேன்.

முடியும். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபோது ஒன்று உறுத்தியது. நண்பனின் உடம்பு தெரிகிறது, உங்கள் கை எத்தனை இஞ்ச் என்றுகூடத் தெரிகிறது. மூன்று மாதத்தில் போய்விட்டவர்கள் யார், எதற்காக வந்தார்கள், எங்கே வலி என்றார்கள் என்று ஒரு வரி இல்லை. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர்கள் போனதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன், அறுபது வயதில், டாக்டர் விரட்டி கே.கே. நகர் பக்கம் ஒரு ஜிம்மில் ஒரு வருஷப் பணத்தைக் கட்டிச் சேர்ந்தேன். மாஸ்டரின் கை என் தொடை அளவு இருந்தது. முதல் நாளே அறுபது ஸ்க்வாட். எண்ணியது நான், அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மூன்று நாள் டாய்லெட்டில் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். திரும்பப் போகவில்லை. பணமும் திரும்பி வரவில்லை.

பிறகு மேற்கு மாம்பலத்தில், மருந்துக் கடைக்கு மேலே மாடியில் ஒரு சின்ன ஜிம். அங்கே இருந்த மாஸ்டருக்கு உங்கள் வயதைவிட நாலைந்து கூட இருக்கும். பார்த்தால் மாஸ்டர் என்று சொல்லமாட்டீர்கள், லேசாகத் தொப்பைகூட உண்டு. முதல் நாள் என்னை ஒரு டம்பெல்லையும் தொடவிடவில்லை. கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு முப்பது வினாடிக்குள் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது, பார்க்கலாம் என்றார். கீழே குனிந்து என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வந்தது. ‘ஒன்பது சார்’ என்று நீளமான நோட்டில் எழுதினார். அறுபதிலிருந்து அறுபத்து நான்கு வயதுக்குள் இருக்கும் ஆணுக்குப் பதினாலுக்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவாம். எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

அப்புறம் கேள்விகள். படி ஏறும்போது வலியா, இறங்கும்போதா? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு? என் பிரஷர் மாத்திரையின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் தலையாட்டாமல் எழுத்துக் கூட்டிக் குறித்துக்கொண்டார். மறுநாள் வந்ததும், ‘இது பீட்டா பிளாக்கர் சார், நாடித்துடிப்பை ஏறவிடாது. வாட்ச்ல வர்ற நம்பரை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண வேணாம். செய்யும்போது உங்களால பேச முடியுதான்னு பார்ப்போம்’ என்றார். எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் பிரஷர் எகிறும் என்பதால் ஒவ்வொரு முறையும் என்னை வாய்விட்டு எண்ண வைத்தார். சுகர் சட்டென்று இறங்குகிறவர்களுக்காக ஜன்னல் ஓரத்தில் ஒரு டப்பாவில் குளுக்கோஸ் வைத்திருப்பார். ஏழு மாதத்தில் என் கணக்கு பதினாறுக்கு வந்தது. இன்றும் அவரிடம்தான் போகிறேன். என் மனைவி போகிறாள், என் மனைவியின் அக்கா போகிறாள். அவருக்கு இன்ஸ்டாகிராம் இருக்கிறதா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

உங்கள் நண்பனின் பதினான்கு பேரில் போன வருஷமும் இருந்தவர்கள் எத்தனை என்று ஒருநாள் சும்மா கேட்டுப் பாருங்கள்.

சிக்ஸ் பேக் கேட்டு வருகிற இருபத்தைந்து வயதுப் பையனிடம் ஆசை இருக்கிறது, பணம் இல்லை. பணமும் பயமும் சேர்ந்து இருப்பது நாற்பத்தைந்துக்கு மேலே. நம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய படியில். டாக்டர் இவர்களிடம் ‘எக்சர்சைஸ் பண்ணுங்க’ என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார். இவர்களும் காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாலு சுற்று நடந்துவிட்டு, காபி குடித்துவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 நிமிஷ நடை போன்றதோடு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியைச் செய்ய வைக்க ஆள் வேண்டும். அது உங்கள் பிழைப்பு.

அடுத்து நேரம். காலை ஐந்தரையிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து ஒன்பதரை, இதுதானே உங்கள் நாள்? நடுவில் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறீர்கள். பதினொரு மணிக்குச் சென்னையில் யார் சும்மா இருக்கிறார்கள்? ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்ட அம்மாக்களும். அண்ணா நகரிலும் கீழ்ப்பாக்கத்திலும் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி இருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து ஒரு நாற்காலி, இரண்டு ரப்பர் பேண்டு, ஒரு ஜோடி டம்பெல் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு வேலை நிச்சயம் உண்டு. ஆனால் ஜிம்மில் சேர்ந்தவர்களை வீட்டுக்கு இழுக்காதீர்கள். ஓனரோடு சண்டை வரும், நியாயமும் அவர் பக்கம்தான். பெண்கள் வீட்டுக்குப் போனால் கூட யாராவது இருக்கும் நேரமாகக் கேட்டு வாங்குங்கள். ‘முதுகைக் கொஞ்சம் நேரா வைக்கணும், தொடலாமாம்மா?’ என்று கேட்காமல் கை வைக்காதீர்கள். எங்கள் மாஸ்டர் பென்சிலால்தான் காட்டுவார்.

இங்கிலீஷ் விஷயம். பேச வராதது ஒரு குறையே இல்லை. ‘குதிகாலை அழுத்தி எழுங்க’ என்று உங்களால் சொல்ல முடியும், அந்த அம்மாவுக்கும் புரியும். ஆனால் படிக்க வர வேண்டும். மாத்திரை அட்டையைப் படித்து, அது என்ன செய்யும் என்று தேடிப் புரிந்துகொள்கிற அளவுக்காவது.

சர்டிபிகேட் படியுங்கள், ஆனால் இப்போது கடன் வாங்கி வேண்டாம். ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். போன்ற அமெரிக்க டிரெய்னர் சர்டிபிகேட்டெல்லாம் மதிப்புள்ளவைதான், பத்து நிரந்தர கிளையண்ட் சேர்ந்தபின் அவர்கள் பணத்திலேயே கட்டலாம். அதற்கு முன் சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்திச் செய்கிற முதலுதவி, அந்தப் பயிற்சியை எடுத்துவிடுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். வெளிநாடு வெளிநாடு என்கிறீர்களே, ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில்தான் இருக்கிறது. மேலக்கோட்டையூரில் இதற்கென்றே ஒரு அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரில் போய், குறுகிய காலப் படிப்பு ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஊசி வேண்டாம். இதயத்துக்கும் ஈரலுக்கும் அது என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்லி ஆக வேண்டியதில்லை. ‘இந்த உடம்பு எப்படி மாஸ்டர் வந்துச்சு?’ என்று கிளையண்ட் தினமும் கேட்பான், தினமும் முட்டை வெள்ளைக்கரு என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். புரோட்டீன் டப்பா விற்கிற கமிஷனையும் விட்டுவிடுங்கள். ஐ.சி.எம்.ஆர். கணக்கில் ஒரு நாளைக்குத் தேவையான புரோட்டீன் ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், எழுபது கிலோ ஆளுக்கு 58 கிராம் வருகிறது. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம். முட்டை சாப்பிடாத வீட்டில் பால், தயிர், பருப்பு, சுண்டல். இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தால், டப்பாவில் போகும் காசை உங்களுக்கே கொடுப்பார்கள்.

பணம் வாங்குவதில் கூச்சப்படாதீர்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்கினால் மே மாதம் ஊருக்குப் போவார்கள், கார்த்திகையில் மாலை போடுவார்கள், மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும். பன்னிரண்டு வகுப்புக்கு இவ்வளவு என்று முன்பணமாக வாங்குங்கள். வர முடியாவிட்டால் முதல் நாள் இரவே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த வகுப்பு போச்சு. ஜனவரியில் ஒரு கூட்டம் வரும், மாசிக்குள் கரைந்துவிடும். அந்தக் காசை நம்பி பைக் வாங்காதீர்கள்.

கடைசியாக, அப்பா. இடுப்பு வலி, சுகர் மாத்திரை, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, ‘இதெல்லாம் ஒரு வேலையா’ என்கிற சந்தேகம். நான் மேலே சொன்ன கிளையண்ட் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். ஒருமுறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், என்ன செய்யலாம், என்ன கூடாது என்று கேட்டுவிட்டு வாருங்கள். அவர் சரி என்றால், ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லாத நேரமாகப் பார்த்து நாற்காலியைச் சுவரோடு போடுங்கள். எத்தனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.