அப்பா வைத்துவிட்டுப் போன ரைபிள், அசைய மறுக்கும் சேஃப்டி

லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைப் பட்டறை ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். போல்ட் ரைபிளின் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் பூட்டி வைக்கும் நெம்புகோல், பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

திருவான்மியூர்: அப்பாவுடைய .315 ரைபிள். தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியதிலிருந்து சேஃப்டி நெம்பினால்தான் நகருகிறது சார்.

தேர்தல் முடிந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். முதலில் மேகசினைக் (தோட்டாப் பெட்டி) கழற்றுங்கள், போல்ட்டைப் (கைப்பிடி வைத்த இரும்புத் தண்டு) பின்னால் இழுத்துத் திறங்கள், சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் குழியை, கண்ணாலும் சுண்டு விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

இஷாப்பூர் தொழிற்சாலையின் .315, பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்ட் வம்சம். சேஃப்டி இடது பக்கம். பின்னால் தள்ளினால் பூட்டும், முன்னால் தள்ளினால் சுடத் தயார். போல்ட்டை முழுசாக உருவிவிட்டு நெம்புகோலை அசைத்துப் பாருங்கள். அப்போதும் இறுக்கமென்றால் காய்ந்த எண்ணெயோ துருவோ அழுக்கோதான். போல்ட் இல்லாதபோது லேசாகப் போய், போல்ட் போட்டு காக் செய்ததும் (சுடும் ஊசியைப் பின்னால் இழுத்து நிறுத்துவது) இறுகினால் கதை வேறு. சேஃப்டி போய் உட்காரும் வெட்டும் அதுவும் நேராகச் சந்திக்கவில்லை. அது பட்டறை வேலை.

அழுக்குதான் என்றால் பழைய டூத் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு (அடுப்புப் பக்கம் வேண்டாம்) இடுக்கில் தேய்த்து அரை மணி ஊறவிடுங்கள். முன்னும் பின்னும் பத்து இருபது தடவை அசைத்து நன்றாகத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு விட்டால் அதில் தூசி ஒட்டி அடுத்த வருஷம் மறுபடி இதே கேள்வி கேட்பீர்கள்.

ஆர்வத்தில் நெம்புகோலைக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பூட்டுத் தண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கமுள்ள மரை வெட்டியிருப்பார்கள். தப்பான தொடக்கத்தில் ஏற்றிவிட்டால் நெம்புகோல் எங்கோ நிற்கும், பூட்டாது. பையில் உதிரியாகப் போட்டுக் கொண்டுவந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாம்பரம்: தேங்காய் எண்ணெய் விடலாமா அண்ணே?

தலைக்கு விடுங்கள் தம்பி. இரும்பு இடுக்கில் அது நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

மயிலாப்பூர்: ஐப்பசி கார்த்திகையில் மட்டும் இறுகுகிறது. தையில் சரியாகிவிடுகிறது!

அப்படியானால் குற்றவாளி மரக்கட்டை. ஈரம் குடித்து உப்பி நெம்புகோலை உரசுகிறது. அந்த இடத்தில் மரம் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் சீவினால் போதும், அதையும் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். தோல் உறையில் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள்; கடல் காற்று ஊரில் தோல் ஈரத்தை இரும்போடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அண்ணா நகர்: என்னுடையது மவுசர் 98. ட்ரிகரை லேசாக்கிக் கொடுத்தார் ஒருவர். அதிலிருந்து சேஃப்டி பாதியில் நிற்கிறது. நானே அரத்தால் கொஞ்சம் தேய்க்கட்டுமா?

அரத்தைக் கீழே வையுங்கள். மவுசரில் சேஃப்டி திரும்பும்போது காக்கிங் பீஸை (சுடும் ஊசியின் பின்முனைத் துண்டு) கொஞ்சம் பின்னால் இழுத்து, சியரை (ட்ரிகர் இழுக்கும்வரை அதைத் தடுத்து நிறுத்தும் கொக்கி) விட்டு விலக்கிப் பிடிக்கும். ட்ரிகர் வேலையில் காக்கிங் பீஸ் துளி முன்னால் வந்திருந்தாலும் சேஃப்டிக்கு ஏறத் தடம் கிடைக்காது. நீங்கள் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும், பிடிக்க வேண்டியதைப் பிடிக்காது. இறுகிய சேஃப்டி எரிச்சல் மட்டும்தான். தளர்ந்த சேஃப்டி ஆளைக் கொல்லும். லேசாக்கியவர் யாரோ, அவரிடமே மறுபடி போகாதீர்கள்.

வேளச்சேரி: வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் மெக்கானிக் யாராவது உண்டா?

இல்லை அம்மா, இருந்தாலும் கூப்பிடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவுப்படி துப்பாக்கி பழுது பார்ப்பதற்கே லைசென்ஸ் வேண்டும். துடைத்து எண்ணெய் விடுவது வீட்டில். மற்றதுக்கு லைசென்ஸ் புத்தகத்தோடு, தோட்டா இல்லாமல், உறையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

பெரம்பூர்: சுத்தம் செய்தாயிற்று, லேசாக நகருகிறது. சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதை எல்லோரும் செய்யுங்கள். சேம்பர் காலி என்று மறுபடி பாருங்கள். காக் செய்து சேஃப்டி போடுங்கள். ட்ரிகரை அழுத்தமாக இழுத்து, விரலை முழுதும் எடுத்துவிடுங்கள். இப்போது ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை விலக்குங்கள். 'டக்' என்று சுடும் ஊசி விழுந்தால் அந்த ரைபிளில் இனி ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள், நாளைக் காலையே கடைக்குப் போகட்டும். விழாவிட்டால் இதையே ஐந்தாறு தடவை செய்து பாருங்கள். ஒரு தடவை விழுந்தாலும் கடைதான்.