கல்லுக்கு எதற்குக் காவல்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கடலைப் பற்றியவை. பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் நிலாவெளிப் பக்கம் போய் வந்திருக்கிறீர்கள் போல. சரி, இம்முறை கடலோடேயே, அதிலும் பவளப்பாறை என்கிற முருகைக்கல்லோடேயே இருப்போம்.

நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக்குக் குடும்பமாகப் போனோம். கரையில் கிடந்த ஒரு முருகைக்கல்லை மகள் எடுத்துப் பையில் போட்டாள். காவலில் நின்றவர் பார்த்துவிட்டு அங்கேயே போடச் சொல்லிவிட்டார். பிள்ளை வீடு வரும்வரை அழுதது. காய்ந்து செத்த கல்லுக்கு எதற்கு இவ்வளவு காவல்?
– வாசகி, கன்னியா

பிள்ளை அழுதது பாவம்தான் அக்கா, ஆனால் அவர் செய்தது சரி. தீவில் நீங்கள் நடந்த வெள்ளைக் கரை இருக்கிறதே, அதில் நிறையப் பங்கு உடைந்த முருகைக்கல் துண்டுகள்தான், ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போனால் கரை எங்கே மிஞ்சும்? 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்த இடம் அது. சிப்பியோ கல்லோ, எதையும் கொண்டுவரச் சட்டம் விடாது.

செத்த கல் என்று எழுதியிருந்தீர்கள். கையில் எடுத்தது செத்ததுதான். தண்ணீருக்குள் இருப்பது அப்படியில்லை. அது செடியும் இல்லை, பிராணி. மெத்தென்ற ஒரு குட்டி உடம்பு, நடுவில் வாய், வாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் கைகள். கடல்நீரில் கரைந்திருப்பதை எடுத்துத் தனக்குக் கீழே தானே சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்ளும், அப்படி ஆயிரக்கணக்கானவை ஒட்டி ஒட்டிக் கட்டியதைத்தான் நாம் கல் என்கிறோம். உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்து, வாடகை மாதிரிச் சாப்பாட்டைக் கொடுக்கும். நிறமும் பெரும்பாலும் பாசி கொடுப்பதுதான். அதனால்தான் வெயில் இறங்கும் தெளிந்த தண்ணீர் வேண்டியிருக்கிறது. மகாவலி சேற்றோடு வந்து விழுகிற கொட்டியாரக்குடா ஆற்றுவாயில் போய்த் தேடினால் கிடைக்காது.

வளர்ச்சியும் ஆமை வேகம். உருண்டையாக வளரும் இனங்கள் வருடத்துக்கு 1 சென்டிமீட்டர் அளவில்தான் வளரும், மான்கொம்பு போலக் கிளைவிடுகிறவை கொஞ்சம் வேகம், 10 சென்டிமீட்டர் வரை போகும். சோற்றுப் பானை அளவு உருண்டை ஒன்றைப் பார்த்தால் அது உங்கள் மகளுக்கு மூத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். (எங்கள் பழைய வீட்டுச் சுவரை இடித்தபோது உள்ளே முழுக்க முருகைக்கல், ஒவ்வொன்றிலும் பூப்பூவாக அடையாளம். அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும்.)

கல் பொறுக்குவதைவிடப் பெரிய சேதம் காலால்தான் வருகிறது. இடுப்பளவுத் தண்ணீர், போட்டிருக்கிற லைஃப் ஜாக்கெட் மிதக்கவைக்கும், ஆனாலும் பயம் வந்ததும் கால் தானாகக் கீழே தேடும். நானும் ஒருமுறை மிதித்தேன். உள்ளங்காலில் வெட்டு, ஆற இரண்டு கிழமை. எனக்கு ஆறிவிட்டது, நான் முறித்த கிளை திரும்ப வளரச் சில வருடம். நீந்தத் தெரியாதவர்கள் முதலில் மணல் இருக்கும் பக்கம் இறங்கி, முகமூடியோடு மிதந்து பழகிவிட்டுக் கல்லுக்கு மேலே போங்கள். மீனுக்குப் பாணும் பிஸ்கட்டும் போடாதீர்கள், அது கல்லின் மேல் படரும் பாசியைத் தின்ன வேண்டிய மீன்.

டைனமைட் வெடித்து மீன்பிடிப்பது என்றால் எல்லாரும் மீனவனைத்தான் கைகாட்டுகிறார்கள். பாரின் (கடலடி முருகைக்கல் திட்டின்) மேல் நங்கூரம் போடும் உல்லாசப் படகுகளை யாராவது கேட்கிறார்களா?
– ஒரு கடற்தொழிலாளி, திருக்கடலூர்

கோபம் நியாயம் அண்ணன். நங்கூரம் இழுபடுகிற இடத்தில் கல் தூளாகிறது, ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் மணலில்தான் போட வேண்டும், அல்லது மிதவை இருந்தால் அதில் கட்ட வேண்டும். ஆனால் டைனமைட்டை நங்கூரத்தோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. வெடித்ததும் மீனின் காற்றுப்பை கிழிகிறது, பாதி மிதக்கும், மீதி அடியில் போய் அழுகும், குஞ்சும் முட்டையும் சேர்ந்தே போகும். உடைந்த கல் அலையில் உருண்டுகொண்டே கிடக்கும், அதில் புதுக் கல் ஒட்ட முடியாது, வருடக்கணக்கில் அந்த இடம் தரிசு. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடுத்த வேலை அது. கலவாயும் ஓராவும் சிங்கிறாலும் எந்தப் பாரில் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூண்டில் போடுகிற உங்கள் மாதிரி ஆட்களின் வயிற்றில்தான் முதல் அடி.

கடல் சூடாவதால் கல் வெளிறுகிறது என்கிறார்கள். அப்படியென்றால் நாம் இங்கே எதைக் காப்பாற்றி என்ன பயன்?
– உயர்தர மாணவன், உப்புவெளி

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில கிழமை நின்றாலே கல் தன் பாசியை வெளியே தள்ளிவிடும். வெள்ளையாவது அதனால்தான். உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கும். சூடு தணிந்தால் பாசி திரும்ப வரும், தணியாவிட்டால் முடிந்தது. 1998இல் தெற்கே ஹிக்கடுவைப் பக்கம் பெரும்பகுதி அப்படிப் போனது. திருகோணமலைக் கற்கள் பெருமளவு தப்பின. அந்த அதிர்ஷ்டம் எப்போதும் இருக்காது: 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது வெளிறல் நடப்பதாக அறிவித்துவிட்டார்கள்.

சூட்டைக் குறைப்பது உன் கையிலோ என் கையிலோ இல்லை, உலகமே புகையைக் குறைக்க வேண்டும். ஆனால் காய்ச்சல்காரனை யாராவது அடிப்பார்களா? கழிவுநீரும் வெடியும் காலும் படாத கல் காய்ச்சலிலிருந்து எழும்ப வாய்ப்பு அதிகம். நம்மால் முடிந்தது அந்த அளவு. அது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுனாமியை முருகைக்கல் தடுக்குமா?
– வாசகர், குச்சவெளி

தடுக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வழக்கமான அலையின் சக்தியில் சராசரியாக 97 சதவீதத்தைப் பார் உடைத்துவிடுகிறது, வாடைக்காற்றில் கரை அரிக்காமல் இருக்க அது பெரிய உதவி. சுனாமி வேறு கதை. ஆனாலும் 2004க்குப் பிறகு தெற்கில் ஆராய்ந்தவர்கள், சுண்ணாம்புக்காகக் கல் தோண்டப்பட்ட பெரலியவில் தண்ணீர் வெகுதூரம் உள்ளே போனதையும், கல் மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அவ்வளவு போகாததையும் கண்டார்கள்.

சன்கிறீம் பூசிக்கொண்டு இறங்கலாமா?
– வாசகி, திருகோணமலை நகர்

சேர்மானத்தில் ஒக்சிபென்சோன் என்ற ரசாயனம் எழுதியிருந்தால் வேண்டாம். முருகைக்கல்லுக்குக் கெடுதல் என்று ஹவாயில் அதன் விற்பனையை 2021இலிருந்து தடுத்திருக்கிறார்கள். முழுக்கைச் சட்டையே போதும். நம்மவர்கள் பாதிப்பேர் எப்படியும் சட்டையோடுதானே கடலில் இறங்குகிறார்கள்!

வீட்டு மீன்தொட்டிக்கு ஒரு துண்டு முருகைக்கல் எங்கே வாங்கலாம்?
– பெயர் வேண்டாம்

மேலே கன்னியா அக்காவுக்கு எழுதியதை இன்னொரு தடவை வாசியுங்கள். தொட்டிக்கு இரண்டு கூழாங்கல் போடுங்கள், மீனுக்கு வித்தியாசம் தெரியாது.