உணவு லேபிளும் சட்டமும்: கேள்வி பதில்

உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கே: கலப்படம் செய்தால் ஜெயில் உண்டா?

எல்லாவற்றையும் ‘கலப்படம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. நிர்ணயித்த அளவை எட்டாத, ஆனால் உடம்புக்குக் கேடில்லாத பொருள் ‘தரம் குறைந்தது’. 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். லேபிள் பொய் சொன்னால் 3 லட்சம் வரை. இவை இரண்டுக்கும் ஜெயில் கிடையாது. மூன்றாவது ‘பாதுகாப்பற்ற உணவு’. அது குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும். உயிர் போயிருந்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரைகூட உண்டு. பாலில் தண்ணீர் ஊற்றுபவனும் யூரியா கலப்பவனும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. புகார் எழுதும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று: பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.

கே: எந்த நிறப் பால் பாக்கெட் சுத்தமானது?

நிறம் நிறுவனத்தின் விருப்பம். பெயரைப் படியுங்கள். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் க்ரீம் 6. மூன்றும் சுத்தமான பால்தான்.

கே: பிளாஸ்டிக் அரிசியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சோற்றை உருட்டிப் போட்டால் துள்ளுகிறது, அதனால் பிளாஸ்டிக் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். சோற்று உருண்டை துள்ளுவது மாவுச்சத்தின் குணம். பிளாஸ்டிக் இல்லை.

கே: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் அரசு சோதித்த பொருள்தானே?

இல்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்பது நாட்டின் உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம். அந்த 14 இலக்கம் தயாரிப்பாளரின் உரிம எண். ஆளை அடையாளம் காட்டும். உள்ளே இருக்கும் பொருளுக்கு நற்சான்று தராது.

கே: நான் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறேன். தாவர எண்ணெயில் செய்ததைக் கலப்படம் என்கிறார்கள். நியாயமா?

கலப்படம் இல்லை, உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால் அது ஐஸ்கிரீமும் இல்லை. சாதாரண ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். தாவரக் கொழுப்பில் செய்தால் அது ‘ஃப்ரோசன் டெசர்ட்’. அந்தப் பெயரைப் போட்டு விற்றால் சட்டப்படி சரி.

கே (அவரே): பாக்கெட்டில் போட்டிருக்கிறதே. யாரும் படிப்பதில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

பாக்கெட்டில் போட்டுவிட்டு, கடைப் பலகையிலும் விலைப்பட்டியலிலும் ‘ஐஸ்கிரீம்’ என்று எழுதுகிறீர்களா? அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்கூப்பில் எடுத்துக் கொடுக்கும்போது வாடிக்கையாளர் பாக்கெட்டையே பார்ப்பதில்லை. அவர் நம்புவது உங்கள் பலகையை. மலிவான பொருளை அதன் சொந்தப் பெயரில் விற்பது நேர்மையான வியாபாரம்.

கே (வேறொருவர்): தாவரக் கொழுப்பு கெடுதல் என்று ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

கெடுதலா என்பது வேறு கேள்வி. கெடுதலே இல்லாவிட்டாலும் பெயர் பொய்யாக இருக்கக் கூடாது. காசு கொடுப்பவருக்குத் தான் வாங்குவது என்னவென்று தெரிந்தாக வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான்.

கே: ‘100% இயற்கை’ ஜூஸ்?

முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. நீரை வற்றவைத்து அடர்த்தியாக்கிய சாற்றில் மறுபடி தண்ணீர் கலந்ததை ‘100% பழச்சாறு’ என்று எழுதக் கூடாதென்று 2024 ஜூனில் ஆணையமே உத்தரவிட்டது.

கே: ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்ற பிஸ்கட்டை சுகர் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

மருத்துவரைக் கேளுங்கள்.

கே: அரிசி பிளாஸ்டிக்கா என்று நெருப்பில் காட்டிப் பார்க்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். அரிசியும் கருகும். இந்த வீடியோக்களைப் பார்த்துக் கடைக்காரரைச் சந்தேகப்படாதீர்கள்.

கே: சந்தேகப்படும் பொருளை நானே ஆய்வுக்கு அனுப்ப முடியுமா?

முடியும், அதே 2006 சட்டத்தின் 40-ஆவது பிரிவு. கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். ஆனால் ஆய்வுக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சட்டத்துக்கு மாறாக இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பில் வாங்குங்கள், பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டு போங்கள்.