முன்கள வீரர் பயிற்றுநராகும்போது

வணக்கம் சகோதரரே. முழங்கால் காயத்தால் உதைபந்தாட்டத்தை நிறுத்திப் பயிற்றுநரான பின்னர், நீங்கள் செய்துகாட்டுவது 15 வயதுப் பையன்களுக்குப் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முன்கள வீரரின் கோல் பெரும்பாலும், பந்து வருவதற்கு முன்பே பின்கள வீரரின் பார்வைக்குப் பின்னால் நழுவி, சட்டென அருகிலுள்ள கோல் கம்பத்தை நோக்கிப் பாயும் அந்த இரண்டு மூன்று அடிகளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதை யோசியாமலே செய்து பழகியவர் என்பதால்தான் சொல்லிக்கொடுக்கத் திணறுகிறீர்கள். ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு மாலை முழுவதும் பந்தில்லாமல் அந்த ஓட்டத்தை நடந்து காட்டி, எந்த நொடியில் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதைப் பையன்களையே சத்தமாகச் சொல்லவையுங்கள்.

முழங்கால் காயத்தால் 2007இல் ஓய்வுபெற்ற நோர்வே முன்கள வீரர் ஒலே குன்னார் சோல்ஷாரும், மன்செஸ்டர் யுனைடெட்டின் ரிசேர்வ் (இரண்டாம் நிலை) அணியைப் பயிற்றுவித்த பின்னரே மோல்டே அணியைப் பொறுப்பேற்று, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் நோர்வே லீக்கை வென்றார். அவரைப்போல நீங்களும் படிப்படியாக முன்னேற, ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் சி தரப் பயிற்றுநர் உரிமத்துக்கான பயிற்சிநெறியைத் தள்ளிப்போடாதீர்கள்.