உயர்கல்வியையே பாடமாக எடுத்துப் படிக்கலாமா?

கேள்வி: டர்பனில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பி.காம். முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஜனவரியும் கவுன்ட்டருக்கு வந்து பதிவு செய்ய முடியாமல் திரும்பிப் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். பல்கலைக்கழகங்கள் எப்படி நடக்கின்றன என்பதை முறையாகப் படிக்க ஆசை. அப்படி ஒரு படிப்பு இங்கே இருக்கிறதா? நேராக முதுகலையில் சேரலாமா? வகுப்புள்ள படிப்பு நல்லதா, ஆய்வேடு மட்டும் எழுதுகிற படிப்பு நல்லதா? (சாட்ஸ்வர்த் வாசகி)

பதில்: இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ‘உயர்கல்வி ஆய்வு’ தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. மக்காண்டாவில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு மையம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அறிஞர் அலி மஸ்ருயி பெயரில் ஓர் உயர்கல்வி ஆய்வு மையமும், வெஸ்டர்ன் கேப்பில் பள்ளிக்குப் பிந்தைய கல்விக்கான ஆய்வு நிறுவனமும் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் என்றால் பைன்டவுனில் இருக்கும் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் எட்ஜ்வுட் வளாகம். அங்கேதான் கல்வியியல் பள்ளி இயங்குகிறது. வேலையை விட முடியாது என்றால் தொலைநிலையில் யூனிசாவையும் பாருங்கள்.

நேராக முதுகலைக்குப் போக முடியாது. இங்கே தேசியத் தகுதிச் சட்டகத்தில் மூன்று வருட பி.காம். ஏழாம் நிலை, முதுகலை ஒன்பதாம் நிலை. நடுவில் எட்டாம் நிலையில் ஒரு படி ஏறியாக வேண்டும்: ஆனர்ஸ், அல்லது போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமா. இரண்டுமே 120 கிரெடிட்தான். எங்கே கவனம் வேண்டும் என்றால், ‘உயர்கல்வி டிப்ளமா’ என்ற பெயரைப் பார்த்து உடனே விண்ணப்பித்துவிடாதீர்கள். அந்த டிப்ளமாக்கள் பெரும்பாலும் விரிவுரையாளர்களுக்காக அமைந்தவை. சொந்த வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துகிறோம், எப்படி மதிப்பெண் போடுகிறோம் என்பதையே பயிற்சியாக எழுதச் சொல்வார்கள். அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பயிற்சிக்கு வகுப்பே இருக்காது. கல்வியியல் ஆனர்ஸுக்கு வேறு ஒரு சிக்கல்: ஆசிரியர் பட்டம் கேட்கிற இடங்கள் உண்டு. ஆகவே உங்கள் பி.காமுக்கு ஒட்டிய ஆனர்ஸையோ, பொது நிர்வாக டிப்ளமாவையோ முடித்துவிட்டு உயர்கல்வி முதுகலைக்கு வருவது சுலபமான வழி. ஆனால் சேருவதற்கு முன்பே, முதுகலை நடத்தும் துறையிடம் இரண்டு கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். ‘இந்த எட்டாம் நிலைப் படிப்பை ஏற்பீர்களா? அதில் ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதியிருக்க வேண்டுமா?’ டிப்ளமாக்களில் ஆய்வுப் பகுதி இல்லாதவையும் இருக்கின்றன. அதை முடித்த பிறகு முதுகலை வாசலில் நிறுத்தினால் ஒரு வருடம் வீண். அலுவலக அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் முன்கற்றல் அங்கீகார வழியும் ஒன்று உண்டு. கேட்டுப் பாருங்கள், ஆனால் அதையே நம்பி இருக்க வேண்டாம்.

அப்புறம், வகுப்பா ஆய்வேடா என்ற கேள்வி. முதுகலைக்குக் குறைந்தது 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது இங்குள்ள கணக்கு. மொத்தம் 1800 மணி. இரண்டு வருடத்தில் முடிக்க நினைத்தால், வருடத்துக்கு ஐம்பது வாரம் என்று வைத்தாலும் வாரம் 18 மணி நேரம் வருகிறது. வேலை, வீடு, கோயில் திருவிழா எல்லாம் போக அந்த 18 மணியை எங்கே கண்டுபிடிப்பீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வகுப்புள்ள முதுகலையிலும் 60 கிரெடிட்டாவது ஆய்வுக்குத்தான். ஆகவே ஆய்வை முழுக்கத் தவிர்க்க வழியில்லை. ஆனால் வகுப்பு இருந்தால், தேதி கொடுத்து வேலை வாங்க ஒருவர் இருப்பார், கூடப் படிப்பவர்கள் இருப்பார்கள். முழு ஆய்வேட்டுப் படிப்பில் நீங்களும் உங்கள் நெறியாளரும் மட்டும்தான். படிப்பை விட்டுப் பல வருடம் ஆனவருக்கு வகுப்புள்ள படிப்பையே நான் சொல்வேன்.

துறையில் பேசும்போது ஆய்வேட்டுப் பக்கமே உங்களைத் தள்ளலாம். அதற்கும் காரணம் உண்டு. அரசு மானியக் கணக்கில் பட்டியலில் உள்ள ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு ஒரு அலகு, முழு ஆய்வு முதுகலை முடிக்கும் ஒருவருக்கு ஒரு அலகு, முனைவர் பட்டத்துக்கு மூன்று அலகு. வகுப்புள்ள முதுகலைக்கு அதில் ஆய்வு எவ்வளவோ அந்தப் பங்குதான். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வரவு செலவு இருக்கிறது அல்லவா! உயர்கல்வியைப் படிக்கப் போகிறவர் தன் சேர்க்கையிலிருந்தே அந்தப் பாடத்தைத் தொடங்கலாம்.

சரி, எதை ஆராய்வது? ‘தென்னாப்பிரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் நிதிப் பிரச்சினை’ என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். 26 பல்கலைக்கழகங்களையும் ஒருவர் தலையில் தூக்க முடியாது. நீங்கள் கேள்வியிலேயே நல்ல ஆய்வுப் பொருளைச் சொல்லிவிட்டீர்கள், கவனித்தீர்களா தெரியவில்லை. அரசின் உயர்கல்வித் தகவல் தொகுப்பான ஹெமிஸ் யாரை எண்ணுகிறது? பதிவு செய்த மாணவரை. உயர்கல்விக் கவுன்சில் வெளியிடும் வைட்டல்ஸ்டாட்ஸ் அறிக்கைகளும் அந்தத் தரவை வைத்துத்தான். இடம் கிடைத்து, கவுன்ட்டர் வரைக்கும் வந்து, ஆரம்பக் கட்டணம் இல்லாமலோ, அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான நிஸ்ஃபாஸின் முடிவு வராமலோ திரும்பிப் போன பிள்ளை அந்த எண்ணிக்கைக்குள் வரவே மாட்டார். உங்கள் கவுன்ட்டரில் மட்டும்தான் அவர் தெரிகிறார். ‘ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு பீடத்தில், ஒரு பதிவுக் காலத்தில் இடம் கிடைத்தும் பதிவு செய்யாதவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள், ஊழியர்கள் அவர்களுக்கு என்ன பதில் தருகிறார்கள்?’ முதுகலைக்கு இந்த அளவு போதும். ஊழியர்கள் தரும் பதில் என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து வருகிற ஆய்வாளருக்கு அது லேசில் கிடைக்காது.

ஆனால் கவுன்ட்டரில் நீங்கள் பார்க்கிற பெயர்களும் எண்களும் உங்கள் ஆய்வுக்கு உரியவை அல்ல. போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழு அளவில் அமலில் இருக்கிறது. பல்கலைக்கழகப் பதிவாளரின் அனுமதிக் கடிதம் ஒன்று, நீங்கள் படிக்கும் இடத்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஒன்று, இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் முதல் நேர்காணல். ஒப்புதலுக்கு முன் சேகரித்ததை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள். அதனால் இப்போதே குறிப்பேட்டில் பிள்ளைகளின் விவரங்களை எழுதி வைக்கத் தொடங்காதீர்கள். நீங்கள் பார்க்கும் வேலைமுறையை, படிவங்களை, சுற்றறிக்கைகள் வரும் வரிசையை எழுதி வைக்கலாம், ஆட்களை வேண்டாம்.

நேர்காணல் என்றாலே தயக்கமாக இருந்தால் பழைய காகிதங்களிலும் நல்ல பொருள் கிடக்கிறது. இந்தியர்களுக்கென்று 1961ல் டர்பன் துறைமுகத்து சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். அது பிறகு வெஸ்ட்வில் மலைக்கு மாறி, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004 ஜனவரி 1ஆம் தேதி நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசுலு-நட்டால் ஆனது. 36 நிறுவனங்களை 23 ஆகச் சுருக்கிய பெரிய இணைப்பின் ஒரு பகுதி அது. வெஸ்ட்வில் வளாகத்திலேயே காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களில் அங்கே படித்தவர்கள் இன்னும் பேசக்கூடிய நிலையில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் பேசினாலும் அது நேர்காணல்தான், ஒப்புதல் வாங்காமல் முடியாது.

நெறியாளரைத் தேடுவது படிப்பின் பெயரைத் தேடுவதைவிட முக்கியம். தென்னாப்பிரிக்க உயர்கல்வி ஆய்விதழில் கடந்த மூன்று நான்கு வருட இதழ்களைப் புரட்டி, மாணவர் சேர்க்கை, கட்டணம், மாணவர் ஆதரவு பற்றி எழுதியவர்களில் இரண்டு பேரைப் பிடியுங்கள். அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்களோ அங்கே என்ன படிப்பு இருக்கிறது என்று அடுத்ததாகப் பாருங்கள். மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். விஷயம் இவ்வளவு போதும்: ‘நான் பதிவு அலுவலகத்தில் இத்தனை வருடமாக இருக்கிறேன். என் தகுதி இது. உங்கள் இந்தக் கட்டுரையில் பதிவு செய்தவர்களைப் பற்றிச் சொல்கிறீர்கள். பதிவு செய்யாமல் போனவர்களைப் பற்றிப் படிக்க நினைக்கிறேன். அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா?’ வாழ்க்கை வரலாறு முழுதும் வேண்டாம். ‘உலகப் புகழ்பெற்ற பேராசிரியரே’ என்ற தொடக்கமும் வேண்டாம்.

பணம். நிஸ்ஃபாஸ் என்பது முதல் இளங்கலைப் பட்டத்துக்கான உதவி, உங்களுக்கு வராது. தேசிய ஆராய்ச்சி நிதியத்தின் உதவித்தொகை முழுநேர மாணவருக்கு, வயது வரம்பும் உண்டு. உங்களுக்கு நல்ல வழி உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது: பல பல்கலைக்கழகங்கள் சொந்த ஊழியருக்குக் கட்டணச் சலுகை தருகின்றன. அங்கேயே படித்தால்தான் சலுகையா, வேறு பல்கலைக்கழகத்துக்கும் உண்டா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். படிப்பை முடிக்காவிட்டால் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டால் பயப்பட வேண்டாம். அந்த நிபந்தனை இருந்தால்தான், முதலாளி தரும் படிப்புதவிக்கு வருமான வரிச் சட்டத்தில் விலக்கு கிடைக்கும். நோய், காயம் காரணமாக நின்றால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்ற வரி அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.