கடன் கணக்கைக் காப்பாற்றுங்கள், கணினியைப் பிறகு பார்க்கலாம்

கேள்வி: "கிளிநொச்சிப் பக்கம் சிறிய கடை ஒன்று தொடங்குகிறேன். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், இன்டர்நெட் வேண்டும். இதைப் பார்க்கத் தனியாக ஆள் வைக்க வசதியில்லை. செலவு கூடாமல், அடிக்கடி பழுதாகி வியாபாரமும் நிற்காமல் எப்படிச் சமாளிப்பது?"

நான் புதுக்குடியிருப்பில் விதைநெல், பசளை, லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) உதிரிப்பாகங்கள் விற்கிறேன். வன்னியில் இந்த வியாபாரம் கடனில்தான் ஓடுகிறது. ஐப்பசியில் காலபோகத்துக்கு விதைப்பவர், மாசி பங்குனியில் வெட்டி விற்ற பிறகுதான் காசு தருவார். அந்த ஐந்து மாதக் கடன் முழுவதும் கணினிக்குள் இருக்கிறது. ஆகவே எந்தக் கணினி வாங்குவது என்பதை நான் இரண்டாவது கேள்வியாகத்தான் வைப்பேன். எது தொலைந்தால் நாளைக்குக் கடை திறக்க முடியாது என்பதுதான் முதல் கேள்வி. கையில் இருக்கும் காசை முதலில் அங்கே போடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். 2017 ஐப்பசியில் ஒரு பின்னேரம் இடி விழுந்தது. கணினியின் பவர் சப்ளையும் ஹாட் டிஸ்க்கும் சேர்ந்து போயின. கணக்கின் பிரதி பென்டிரைவில் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். ஆனால் அந்தப் பென்டிரைவ் இரவு பகலாக அதே கணினியில்தான் செருகியிருந்தது. அதுவும் போய்விட்டது. மூன்று கிழமை மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போனேன். நிறையப் பேர் தாங்களாகவே வந்து "இவ்வளவு தரவேணும்" என்று சொன்னார்கள், அதை நான் மறக்க மாட்டேன். சிலர் பொலித்தீன் பைக்குள் பத்திரமாக வைத்திருந்த பில்லை எடுத்துத் தந்தார்கள். விரித்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். கடைகளில் அடிக்கும் அந்தச் சிறிய பில், மை இல்லாமல் சூட்டில் எழுத்து வரும் தாள். வெயிலும் வெக்கையும் பட்டால் எழுத்து அழிந்துவிடும். கடன் பில்லை மட்டும் சாதாரணத் தாளில் அடித்துக் கொடுங்கள்.

இப்போது இரண்டு வெளி ஹாட் டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று கடையில், மற்றது வீட்டில். வெள்ளிக்கிழமைகளில் மாற்றிக்கொள்வேன். பிரதி எடுத்த உடனே வயரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இடிக்காக மட்டும் சொல்லவில்லை. 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வன்னாக்ரை போன்ற வைரஸ்கள், கணினியில் செருகியிருக்கும் டிஸ்க்கில் உள்ளதையும் பூட்டிவிடும். அப்புறம், 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படி வெள்ளத்தில் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். என் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வெள்ளம் வந்தது. அதனால் மூன்றாவது பிரதி ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். கூகிள் டிரைவில் 15 ஜிபி இலவசம். கடைக் கணக்குக்கு அது தாராளம்.

பிரதி எடுப்பதோடு வேலை முடியாது, அதைத் திரும்ப ஏற்றியும் பார்க்க வேண்டும். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால், பழைய மடிக்கணினி ஒன்றில் பிரதியை ஏற்றி, மூன்று வாடிக்கையாளரின் பாக்கி சரியாக வருகிறதா என்று பார்க்கிறேன். முதல் தடவை பார்த்தபோது பில்கள் இருந்தன, வாடிக்கையாளர் பட்டியல் இல்லை. பல மாதங்களாக அரைகுறையான பிரதியைத்தான் எடுத்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்ததால் தப்பினேன்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். யூபிஎஸ் என்பது கரண்ட் நின்றதும் சிறிது நேரம் கணினியைத் தாங்கும் பற்றரிப் பெட்டி, மணிக்கணக்காக வேலை செய்வதற்கு இல்லை. பில்லை முடித்து, கணக்கைச் சேமித்து, கணினியை ஒழுங்காக அணைப்பதற்குத்தான். சின்ன யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணிப் பற்றரி. வெக்கை 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் சுவரோரம் வைக்காதீர்கள். லேசர் பிரிண்டரை அதில் கொழுவவே வேண்டாம், சூடேறும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யூபிஎஸ் தாங்காது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் நின்றபோது கடையைக் கொண்டுபோனது மடிக்கணினிதான். அதற்குள்ளேயே பற்றரி இருக்கிறது, மேசைக் கணினியைவிட மின்சாரமும் மிகக் குறைவு. ஆகவே மேசைக் கணினிக்குப் பதிலாக இரண்டு மடிக்கணினி வாங்குங்கள், ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன டிசி யூபிஎஸ் போடுங்கள். இடி முழங்கினால் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். கடை வயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

கணினி புதிதாக இருக்க வேண்டும் என்றில்லை. பாவித்த திங்க்பேட், லாட்டிடியூட் வகை மடிக்கணினிகள் நல்ல உழைப்பு. 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி (பழைய ஹாட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான டிஸ்க்) இருந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழையவை பல அதற்கு முந்தியவை. கடிதம், பட்டியல் அடிக்கும் இரண்டாவது கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்டும், வேர்ட், எக்செலுக்குப் பதிலாக லிபர் ஆபிஸும் போட்டுக்கொள்ளலாம், இரண்டும் இலவசம்.

இன்டர்நெட்டுக்கு ஒரு கொம்பனியின் இணைப்பு, போனில் வேறு கொம்பனியின் சிம். அது போதும்.

மாதாமாதம் டொலரில் கட்டும் சேவைகளை நான் தவிர்க்கிறேன். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. வருமானம் ரூபாயில் வரும்போது, கணக்கைத் திறந்து பார்ப்பதற்கே டொலர் வேண்டும் என்ற நிலைக்குப் போகக் கூடாது.

அடுத்தது பாஸ்வேர்ட். எங்கள் கடை ஈமெயிலை ஒரு சொந்தக்காரப் பெடியன்தான் தன் போன் நம்பரைக் கொடுத்துத் திறந்து தந்தான். அவன் வெளிநாடு போனதும் அந்த நம்பர் இல்லாமல் போனது, ஈமெயிலும் அதோடு போனது. எல்லாக் கணக்கையும் உங்கள் நம்பரில், உங்கள் பெயரில் திறவுங்கள். பாஸ்வேர்ட், ரவுட்டர் விபரம், மென்பொருள் லைசன்ஸ் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

வாடிக்கையாளர் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடிக்க வேண்டாம். அது உள்ளுக்குள் ஆங்கில எழுத்துத்தான். தேடினால் ஒழுங்காக வராது, போனில் திறந்தால் குழப்பமாகத் தெரியும். முதல் நாளிலிருந்தே யூனிகோட்டில் அடியுங்கள், அது கணினியிலும் போனிலும் ஒரே மாதிரித் தெரியும் எழுத்துமுறை. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், பெயரோடு ஊரையும் போன் நம்பரையும் போடுங்கள்.

பில்லிங் மென்பொருள் வாங்கும்போது, விற்பவரின் முன்னாலேயே பத்துப் பில் போட்டு, அவை முழுவதையும் எக்செல் கோப்பாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றாலோ, அதற்குத் தனிக் காசு கேட்டாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.